ரூலெட் சக்கரமும் எங்கள் வீட்டு நவநாளும்

என்னைச் சூதாடி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் ரூலெட் சக்கரத்தில் குண்டு எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே சொல்லுகிற கருவி ஒன்றை ஏழெட்டு மாதம் உட்கார்ந்து செய்தவள் நான். அதை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்கும் போனேன். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. சிரிப்புதான் கொஞ்சம் அதிகம்.

மாதா கோயிலில் ரூலெட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் கேட்டேன்.

எங்கள் ஊர் வில்லியனூரிலிருந்து பாகூர் பக்கம் போகிற பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. முப்பத்துநாலு தலைக்கட்டு, எல்லாம் கிறிஸ்தவக் குடும்பம். செப்டம்பரில் மாதா திருவிழா. கொடியேறினதிலிருந்து ஒன்பது நாள் நவநாள். அந்த ஒன்பது நாளும் சின்ன மாதா சுரூபம் ஒன்று கோயிலில் இருக்காது, ஊரில் ஏதாவது ஒரு வீட்டுக்கு வந்து தங்கும். தினமும் சாயங்காலம் ஊரே அந்த வீட்டுக்கு ஜெபத்துக்குப் போகும். வாசலில் பந்தல் போட வேண்டும், வந்தவர்களுக்குச் சுண்டலும் காபியும் கொடுக்க வேண்டும், வீட்டு மருமகள் முன்னால் உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல வேண்டும். செலவும் வேலையும் இடுப்பை ஒடிக்கும். ஆனாலும் மாதா தங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. எந்த வீடு என்பதில் அந்தக் காலத்தில் மண்டையெல்லாம் உடைந்திருக்கிறதாம்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா ஊருக்குத் திரும்பும்போது, பூஜ்யத்திலிருந்து முப்பத்தாறு வரை எண் போட்ட குழிகளோடு மரத்தால் ஆன ரூலெட் சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாதாவுக்காக ஊர் போட்ட சண்டையைப் பார்த்து வெறுத்துப்போய் அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அதுதான் பஞ்சாயத்து. நடுவில் கோயிலுக்குப் பங்குச் சாமியாராக வந்த ஒருவர் இதெல்லாம் சூதாட்டச் சாமான், தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்த வருஷம் மறுபடி இரண்டு பேருக்குத் தலையில் தையல் போட வேண்டி வந்தது. அடுத்த வருஷம் அவரே சக்கரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தாராம்.

முறை இதுதான். கொடியேற்றத்தன்று காலைப் பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் மேஜை போட்டு அதன்மேல் சக்கரத்தை வைப்பார்கள். பக்கத்தில் ஒரு துணி விரித்திருக்கும். அதில் சக்கரத்தில் உள்ள அதே எண்கள் வரிசையாகக் கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் வீட்டு அடையாளம் வெட்டிய ஒரு பித்தளை வில்லை உண்டு. கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் சக்கரத்தை ஒரு பக்கமும் குண்டை எதிர்ப்பக்கமும் சுற்றிவிடுவார். சுற்றிவிட்ட பிறகுதான் வில்லையை வைக்கலாம், அவர் மணி அடிப்பதற்குள் வைத்துவிட வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு வில்லைதான். வைப்பது பெண்கள்தான். ஆண்களை வைக்க விட்டால் மறுபடி தையல்தான். குண்டு விழுகிற எண்ணில் யார் வில்லை இருக்கிறதோ அந்த வீட்டுக்கு மாதா. பூஜ்யத்திலோ காலிக் கட்டத்திலோ விழுந்தால் வில்லையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி சுற்றுவார்கள்.

நான் வில்லியனூர்க் கடைத்தெருக்காரி. அப்பாவுக்கு மளிகைக் கடை, வீட்டில் விபூதி குங்குமம். திருபுவனை தொழிற்பேட்டையில் ஃபேன் மோட்டார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பிறகு என்ன, அப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை, அப்புறம் தானே அரிசி மூட்டையோடு வந்து நின்றார். நான் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டேன். ஜெபங்களைக் கல்யாணத்துக்கு முன்னால் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்தேன், பரீட்சை முடிந்ததும் மறப்பது மாதிரி மறந்தும் போனேன்.

நான் வந்து பதினாறு வருஷம் ஆகியும் எங்கள் வீட்டு வில்லையில் குண்டு விழவே இல்லை. ஒருநாள் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா குடத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்.

“முன்னாடி பத்து வருசத்துல ரெண்டு தரம் உங்க வூட்டுக்கு வந்தாங்க மாதா. இப்போ அந்தப் பக்கம் தலைவச்சுக் கூடப் படுக்க மாட்றாங்களே. யாரு கால் வச்ச நேரமோ.”

சுற்றி நின்ற நாலு பேரும் குடத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. முப்பத்துநாலு வீட்டில் ஒரு வீட்டுக்குப் பதினாறு வருஷம் வராமல் போவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு, கணக்குப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். “கணக்கா? மாதாவுக்கா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளையாவது விடலாம், அவள் வாய் அப்படி. எனக்கு உறுத்தியது அத்தைதான், என் மாமியார். ஒவ்வொரு வருஷமும் வில்லை வைப்பது அவர்தான். திரும்பி வந்து, “இந்த வருசமும் இல்ல” என்று ஒரு பெருமூச்சு விடுவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். நல்ல மனுஷிதான், ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாமல் விடுகிற பெருமூச்சுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது. ஒருதரம், ஒரே ஒருதரம், நான் இந்த வீட்டில் இருக்கும்போது மாதா வந்துவிட வேண்டும். அது என் மானப் பிரச்சினையாகிவிட்டது.

அப்போதுதான் போனில் ஒரு செய்தி படித்தேன். வெளிநாட்டுச் சூதாட்ட விடுதிகளில் சிலர் சட்டைக்குள்ளும் ஷூவுக்குள்ளும் கருவி வைத்துக்கொண்டு, குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டு ஆடியிருக்கிறார்களாம். படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, சே, இது நம் வேலையாச்சே என்பதுதான். நான் பி.எஸ்சி. இயற்பியல். கம்பெனியில் பரிசோதனைப் பிரிவு. நாள் பூராவும் மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அளப்பதுதான் பிழைப்பு. ஃபேன் உறுமுகிற சத்தத்தை வைத்தே சுற்று கொஞ்சம் குறைகிறது என்று சொல்லிவிடுவேன்.

விஷயம் அப்படி ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. தண்ணீர் வாளியைக் கையில் பிடித்துச் சுழற்றினால் தண்ணீர் கொட்டாது. வேகம் குறைந்தால் தலையில் கொட்டும். குண்டும் அப்படித்தான். விளிம்பை ஒட்டி ஓடிக்கொண்டே இருக்கும், வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் ஒட்டி நிற்க முடியாமல் உள்ளே இறங்கும். உபதேசியார் எவ்வளவு பலமாகச் சுற்றிவிட்டாலும் அந்த அளவு மாறாது. ஆகவே குண்டு ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தால், இன்னும் எத்தனை சுற்றில் இறங்கும் என்று சொல்லலாம். அதற்குள் சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கும் என்றும் சொல்லலாம். சுற்றிவிட்ட பிறகுதான் வில்லை வைக்கிறோம் என்பதால் நேரம் இருக்கிறது. எங்கள் ஊர் முறை இந்தக் கணக்குக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

கோயில் வாலிபர் சங்கம் வருஷா வருஷம் எடுத்த வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் இருந்தன. நாலு வருஷத்து வீடியோவை இறக்கி, மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. குண்டு பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் விளிம்பை விட்டு இறங்குகிறது, தாழ்வாரத்தின் வாய்க்கால் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாய்வாகப் போட்டிருக்கிறார்கள். மேஜையும் சாய்வு, சக்கரமும் சாய்வு. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. “தாழ்வாரத்துல இன்னாம்மா தேடுறே?” என்று சாமியார் கேட்டார். கம்மல் திருகாணி விழுந்துவிட்டது என்றேன். பாவம், அவரும் குனிந்து தேடினார்.

என் வீட்டுக்காரர் அப்போது வேலையை விட்டுவிட்டு வில்லியனூரில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். “ஜுரம்லாம் இல்லியே.” பிறகு, பத்து நிமிஷம் கழித்து, பேட்டரி எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று கேட்டார். அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். திட்டுவார், திட்டிக்கொண்டே சால்டரிங் அயர்னைச் சூடாக்குவார்.

கையில் எதுவும் வைத்திருக்க முடியாது. கூட்டத்தில் எல்லாக் கண்ணும் கையில்தான் இருக்கும். ஆகவே காலில். தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பு ஒன்றைப் பிளந்து, கட்டைவிரலுக்குக் கீழே குட்டி ஸ்விட்ச், குதிகாலுக்குக் கீழே பழைய போனிலிருந்து எடுத்த அதிர்வு மோட்டார், நடுவில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு சர்க்யூட். சக்கரத்திலுள்ள பூஜ்யம் வாய்க்கால் பக்கத்தைத் தாண்டும்போது ஓர் அமுக்கு, அடுத்த சுற்றில் இன்னோர் அமுக்கு. குண்டுக்கும் அப்படியே இரண்டு. சக்கரத்தை ஆறு கூறாகப் பிரித்திருந்தோம். குதிகாலில் மூன்று தரம் அதிர்ந்தால் மூன்றாம் கூறு, நாலு தரம் என்றால் நாலாம் கூறு. அந்தக் கூறில் உள்ள ஆறேழு எண்ணில் ஒன்றில் வில்லையை வைக்க வேண்டும். முப்பத்தேழில் ஒன்று என்பது ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். விழுந்த குண்டு துள்ளும், அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

எண்கள் சக்கரத்தில் ஒழுங்காக இருக்காது. பூஜ்யம், முப்பத்திரண்டு, பதினைந்து, பத்தொன்பது, நாலு, இருபத்தொன்று என்று கலைத்துப் போட்டிருக்கும். அந்த வரிசை எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டில் பெரிய தாம்பாளத்தில் கம்பெனியில் கழித்துப்போட்ட பேரிங் குண்டை ஓடவிட்டு, கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பழகினேன். கொஞ்ச நாளில் கருவி அதிர்வதற்கு முன்னாலேயே எனக்கு எந்தக் கூறு என்று தோன்ற ஆரம்பித்தது.

வீடியோக்களை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மணி அடிக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்வதற்காகக் குண்டை விட்டுவிட்டுத் துணியைப் பார்த்தேன். அத்தையின் கை தெரிந்தது. அவருடைய பச்சை ரப்பர் வளையலை வைத்து அடையாளம் கண்டேன். கை துணிமேல் போகிறது, ஒரு கட்டத்துக்கு மேலே நிற்கிறது, திரும்பி வருகிறது. மூடின கை மூடினபடியே. வில்லை துணியில் விழவில்லை.

முந்தின வருஷத்து வீடியோவைப் போட்டேன். அதிலும் அப்படியே. அதற்கு முந்தினது. அதற்கும் முந்தினது. நாலு வருஷமும் அத்தை வில்லையை வைக்கவே இல்லை. முப்பத்துநாலு கை முட்டி மோதும்போது யார் வைத்தார்கள், யார் வைக்கவில்லை என்று எவர் பார்க்கப் போகிறார்? எல்லாரும் திரும்ப எடுக்கும்போது அவரும் குனிந்து எடுப்பது மாதிரி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். வந்து பெருமூச்சு வேறு.

எனக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது, அது போகவே இல்லை. ஊர் சொல்வது பரவாயில்லை, இவரே நினைத்திருக்கிறார். கடைத்தெருவிலிருந்து வந்த ஒருத்தி இருக்கிற வீட்டுக்கு மாதா வேண்டாம் என்று இவரே முடிவு பண்ணியிருக்கிறார். அன்றிலிருந்து நான் பாத்திரம் கழுவவில்லை, பாத்திரத்தை அடித்தேன். “இன்னாடி, பட்டறை எதுனா வைக்கப் போறியா?” என்றார் என் வீட்டுக்காரர். வீடியோவைக் காட்டினேன். அவருக்கும் முகம் விழுந்துவிட்டது. “அம்மாவையே கேட்டுடலாம்” என்றார். கேட்டால் நான் என் அப்பன் மகள் இல்லை என்றேன். கேட்பதாவது! இந்த வருஷம் வில்லையை நான் வைக்கிறேன், மாதாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்துகிறேன், அப்புறம் அவர் பெருமூச்சு விடட்டும் பார்க்கலாம் என்று இருந்தேன். ஊர் முன்னிலையில் அவர் கையிலிருந்து வாங்குவதற்கு என்ன பேச வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்தேன்.

அந்த வசனத்தை அவர் பேசவிடவில்லை. கொடியேற்றத்தன்று காலையில் நான் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது வந்து, வில்லையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“இந்த வருசம் நீ வையும்மா.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் திக்கென்றது. உடனே புத்தி குறுக்கே ஓடியது. ஓகோ, இந்தத் தரமும் விழவில்லை என்றால் முழுப் பழியும் என் தலையில், அதற்குத்தானே? சரி, பார்க்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டேன். கட்டைவிரலால் இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தேன். குதிகால் அதிர்ந்தது. ராணி மாதிரி நடந்து போனேன்.

பூசை முடிந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்துப் படியில் காலை வைத்தேன். உபதேசியார் என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

“ம்மா, செருப்பு.”

மேஜைக்குப் பின்னால், பூ ஜோடித்த பீடத்தில் மாதா சுரூபம் நின்றுகொண்டிருந்தது. படிக்குக் கீழே வரிசையாக முப்பத்துமூன்று வீட்டுச் செருப்பு. ஐயோ! பதினாறு வருஷமாக நான் அந்தப் படியில் செருப்பைக் கழற்றாமல் ஏறினதே இல்லை. பிறந்த ஊரில் சிவன் கோயிலானாலும் சரி, இங்கே மாதா கோயிலானாலும் சரி, சாமிக்கு முன்னால் யார் செருப்போடு நிற்பார்கள்? ஏழெட்டு மாதம், இரண்டு படித்த முட்டாள்கள், பேட்டரியின் எடையைக்கூடக் கிராம் கணக்கில் யோசித்திருக்கிறோம். இது ஒன்றை யோசிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். வெளிநாட்டில் ஷூவோடு ஆடினவனுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது.

செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஏறினேன். அழாத குறை.

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார், குண்டை எதிர்ப்பக்கம் விட்டார். கர்ர்ரென்று அந்தச் சத்தம். அதைக் கேட்டதும் என் கட்டைவிரல் தானாகத் தரையை அமுக்கியது. பூஜ்யம் வாய்க்கால் பக்கம் தாண்டியது, அமுக்கினேன். மறுபடி தாண்டியது, அமுக்கினேன். குண்டு ஒன்று, குண்டு இரண்டு. குதிகாலில் சில்லென்று சிமென்ட் தரைதான். ஆனால் மனசு நாலு என்றது. நாலாம் கூறு. இருபது, பதினாலு, முப்பத்தொன்று, ஒன்பது, இருபத்திரண்டு, பதினெட்டு. நடுவில் இருக்கிற முப்பத்தொன்றுதான் நல்லது. இடித்துக்கொண்டு கையை நீட்டினேன். அதற்கு முன்னால் ஒரு கை வில்லையை அங்கே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. எதிர்வீட்டு அக்கா. வேறு யார்?

மணி அடிக்கக் கையைத் தூக்கிவிட்டார் உபதேசியார். பதினாலில் வைத்தேன். மணி அடித்தது.

குண்டு வாய்க்கால் பக்கம்தான் இறங்கியது. அந்த இடத்தில் ‘கணக்கு சரி’ என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. இறங்கி, ஒரு பித்தளைக் குமிழில் மோதி, துள்ளி, முப்பத்தொன்றில் போய் உட்கார்ந்தது. எதிர்வீட்டு அக்கா “மாதாவே!” என்று கையைக் கூப்பினாள். அடுத்த நொடி அது எழுந்து ஒரு தாண்டு தாண்டிப் பதினாலில் படுத்துக்கொண்டது. அப்புறம் அசையவில்லை.

இதை நான் இயற்பியலின் கணக்கில் எழுதுவதா, மாதாவின் கணக்கில் எழுதுவதா என்று இன்றைக்கும் என்னை வம்புக்கு இழுப்பார் என் வீட்டுக்காரர். அந்தக் கூறு வரைக்கும் நான், அந்தக் கடைசித் தாண்டு நான் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மாதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு பதினொரு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூடத்தில் வைத்துப் பூப்போட்டு ஊர் கலைந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் நவநாள். மத்தியானம் இரண்டு மணி வாக்கில் அடுப்பில் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் இப்போது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“பிரார்த்தனை முழுக்கப் பாடமாயிடுச்சில்லம்மா?”

“எந்தப் பிரார்த்தனை அத்தே?”

“அதான், இத்தினி மாசமா சொல்லிக்கினே இருந்தியே. பாத்திரம் கழுவுறப்ப, துணி காயப்போடுறப்ப, பஸ்ஸுக்குப் போறப்ப. வாய் அசைஞ்சுக்கினே இருக்கும். நான் பாக்கலன்னு நெனைச்சியா? அதப் பாத்துட்டுதான் வில்லைய உன் கையில குடுத்தேன்.”

கரண்டி என் கையிலிருந்து அடுப்படியில் விழுந்தது. நான் சொல்லிக்கொண்டிருந்தது முப்பத்திரண்டு, பதினைந்து, பத்தொன்பது, நாலு. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, மோட்டார், ரசமட்டம், வீடியோ, அவருடைய மூடின கை. சொல்லிவிட்டு, “எதுக்கு அத்தே வைக்கல? நான் இருக்கற வூட்டுக்கு மாதா வரக்கூடாதுன்னா?” என்று கேட்டேன்.

அவர் துருவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“அடிப் பைத்தியமே. கல்யாணமான மொத வருசம், அங்க ஒரு வூட்டு நவநாள்ல உன்ன ஜெபமாலையில ஒரு பத்து மணி சொல்லச் சொன்னாங்க. நடுவுல நின்னுபோச்சு உனக்கு. அந்தப் பொம்பளைங்க சிரிச்சாளுங்க. வூட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி நின்னு நீ அழுத. நான் தண்ணி காட்ட வந்தவ, அப்படியே திரும்பிப் போயிட்டேன். அன்னிக்கு முடிவு பண்ணேன். மாதா இந்த வூட்டுக்கு வந்தா மருமவதான் ஒம்போது நாளும் சொல்லணும். அந்தக் கூட்டத்து முன்னாடி உன்ன மறுபடி கொண்டுபோய் நிறுத்துறதா? மாதா எல்லா வூட்டுலயும் இருக்காங்க. வராட்டிப் போவுது.”

“பெருமூச்சு வுடுவீங்களே.”

“ஆசை இருக்காதா பின்ன?”

பதினாறு வருஷம். எனக்குத் தெரிந்த வீடியோ நாலுதான். மீதி வருஷமெல்லாம் அந்தக் கை மூடித்தான் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை, மகனிடம் சொல்லவில்லை, குழாயடியில் அவர் காதிலும் எத்தனையோ விழுந்திருக்கும், ஒருத்திக்கும் பதில் சொல்லவில்லை. நான் ஒரு மாதமாகப் பாத்திரத்தை அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன், தேங்காய்த்துருவல் எல்லாம் தலையில் ஒட்டிக்கொண்டது.

“மிஷின் வச்சு ஏமாத்தப் பாத்தேன் அத்தே. மாதாவத் திருப்பிக் குடுத்துடலாமா?”

“செருப்ப வெளியதான வுட்ட? அப்புறம் இன்னா?” என்றார். பிறகு மணியைப் பார்த்து எழுந்துகொண்டார். “நாலு மணி நேரம் இருக்குது. புஸ்தகத்த எடு.”

நாலு மணி நேரத்தில் மனப்பாடம் ஆகுமா? புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வது என்று முடிவானது. ஆறு மணிக்குக் கூடம் நிறைந்து, பந்தல் நிறைந்து, தெருவரை ஆள். முதல் வரிசையில் எதிர்வீட்டு அக்கா. ஜெபமாலை ஐந்து பத்தும் எப்படியோ கரை சேர்ந்துவிட்டது. பிறகு மாதா பிரார்த்தனை. அதில் முன்னால் இருப்பவர் மாதாவின் பெயர்களில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், கூட்டம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்லும். புத்தகத்தில் இரண்டும் ஒரே வரியில் அச்சாகியிருந்தது. எனக்கு இருந்த படபடப்பில் பெயரையும் சொல்லி, பதிலையும் நானே ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன்.

கூட்டத்துக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. நான் விழித்தேன், எங்கே தப்பு என்றுகூடப் புரியவில்லை, பயத்தில் அடுத்த பெயரையும் அப்படியே பதிலோடு சேர்த்துச் சொன்னேன். பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எழுத்தெல்லாம் கலங்கியது.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. தனி ஆளாக, சத்தமாக, நான் சொன்ன பதிலையே மறுபடி சொன்னார். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” முறையே அதுதான் என்பது மாதிரிச் சொன்னார். நான் அடுத்த பெயரையும் பதிலையும் சொன்னேன். அவர் மறுபடி சொன்னார். சிரித்தவள் நிறுத்திக்கொண்டாள். மூன்றாவது தரம் என் வீட்டுக்காரர் குரலும் சேர்ந்தது, நாலாவது தரம் சாமியாருடையது, பிறகு எதிர்வீட்டு அக்கா உட்படக் கூடம் முழுவதும். ஒன்றுக்கு இரண்டு தடவையாகப் பிரார்த்தனை நீண்டுகொண்டே போயிற்று, சுண்டல் ஆறிப்போயிற்று. நான் இனி திருத்திச் சொல்லலாமா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நீட்டியபடி, ஊரிலேயே உரத்த குரலில் எனக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்.